சீஷெல்ஸ்: காற்றைக் கேட்காமல் போன ஒன்பது நாட்கள்

பிராலின் தீவில் நாங்கள் முன்பதிவு செய்திருந்த அறையின் கதவைத் திறந்தால் கடல் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். திறந்தோம், தெரிந்தது. ஆனால் அறைக்கும் கடலுக்கும் நடுவே, கரை நெடுகிலும் முழங்கால் உயரத்துக்குக் கரும்பழுப்பு நிறக் கடற்பாசி குவிந்து கிடந்தது. மூன்று இரவுகளுக்கான வாடகையை நான்கு மாதங்களுக்கு முன்பே, திரும்பப் பெற முடியாத சலுகை விலையில் கட்டியிருந்தோம். அறை சுத்தமாக இருந்தது. வீட்டுக்காரப் பெண்மணி அன்பாக நடந்துகொண்டார். படத்தில் காட்டிய கடற்கரையும் அதே கடற்கரைதான். தவறு எங்களுடையது. படம் எடுக்கப்பட்ட மாதம் எது, நாங்கள் போகும் மாதத்தில் அந்தக் கரை எந்தக் காற்றுக்கு முகம் கொடுக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. நாகப்பட்டினத்தில் பிறந்து, கச்சான் காற்று எப்போது, கொண்டல் எப்போது என்று மீனவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கே அது தோன்றாமல் போனது இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

சீஷெல்ஸ் என்றால் நம்மில் பலருக்குத் தேனிலவுப் படங்களே நினைவுக்கு வருகின்றன. நாங்கள் மூன்று பேர் போனோம்: நான், என் கணவர், எழுபதைத் தொடப்போகும் என் மாமியார். அத்தை முட்டைகூடத் தொடாத சைவர். அவரை அழைத்துக்கொண்டு அங்கே போகிறோம் என்றபோது அலுவலகத்தில் சிலர் சிரித்தார்கள். போய் வந்தபின் சொல்கிறேன், மூவரில் அந்தத் தீவுகளை மிகவும் ரசித்தவர் அவர்தான்.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 4 பாகையில் தொடங்கும் இந்த நாடு 115 தீவுகளால் ஆனது. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தாலும் நிலப்பரப்பு சென்னை மாநகராட்சியைவிடச் சற்றே பெரியது. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஆனால் அந்தத் தீவுகள் சிதறிக் கிடக்கும் கடற்பரப்பு பதின்மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அதாவது நாடு என்று நாம் நினைக்கும் நிலம் அங்கே மிகக் கொஞ்சம். மீதியெல்லாம் கடல், கடலுக்கு மேல் காற்று. மக்களில் பெரும்பாலோர் மாஹே என்ற பெரிய தீவிலும், அதற்கடுத்த பிராலின், லா டீக் தீவுகளிலும் வாழ்கிறார்கள். சாதாரணப் பயணி பார்ப்பதும் இந்த மூன்றைத்தான். பெயர்கள் பிரெஞ்சு எழுத்து முறையில் இருப்பதால் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் தொடர்பு குறைவு. நாங்கள் முதல்நாள் முழுக்க ‘பிராஸ்லின்’ என்றே கேட்டுக்கொண்டிருந்தோம்.

மாஹே, பிராலின், லா டீக் மூன்றும் கருங்கல் தீவுகள். பவளத் தீவுகளைப் போலத் தட்டையாக இல்லாமல், கடலிலிருந்து நேராக மலையாக எழுகின்றன. மாஹேயின் மிக உயர்ந்த சிகரமான மோர்ன் சீஷெல்வா 905 மீட்டர். அங்குள்ள பாறைகள் ஏறத்தாழ 75 கோடி ஆண்டுப் பழமையானவை என்றும், ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் இந்தியத் துணைக்கண்டத்தோடு ஒட்டியிருந்த நிலத்துண்டே பிரிந்து அங்கே நின்றுவிட்டது என்றும் நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். கடற்கரையில் யானைகள் படுத்திருப்பதுபோல் கிடக்கும் அந்த உருண்டைப் பாறைகளைப் பார்த்ததும் அத்தை, “மகாபலிபுரம் மாதிரியே இருக்கே” என்றார். அந்த நிலவியலை அவருக்கு நாங்கள் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

இனி காற்றுக்கு வருகிறேன். எங்கு போவதானாலும் “மழை எப்போது?” என்று கேட்பது நம் வழக்கம். அப்படிக் கேட்டுத்தான் ஜூலையைத் தேர்ந்தெடுத்தோம். மழையைப் பொறுத்தவரை அது சரியான விடை. மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்கிழக்குக் காற்று வீசுகிறது. வானம் பெரும்பாலும் தெளிவு, வெயில் தாங்கக்கூடியது, மழை குறைவு. டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று; புழுக்கமும் மழையும் அந்த மாதங்களில்தான் அதிகம். ஆனால் தென்கிழக்குக் காற்று மழையைத் தராவிட்டாலும் அலையைத் தருகிறது, கடற்பாசியை அள்ளித் தனக்கு எதிர்ப்பட்ட கரையில் கொட்டுகிறது, தெளிந்த நீரைக் கலக்குகிறது, படகை உலுக்குகிறது. வடமேற்குக் காற்றின் மாதங்களில் இவையெல்லாம் தீவின் மறுபக்கத்துக்கு நடக்கின்றன. இரண்டு காற்றுகளும் கைமாறும் ஏப்ரலிலும், அக்டோபர் இறுதியை ஒட்டிய வாரங்களிலும் கடல் ஓய்வெடுக்கிறது. மூழ்கிப் பவளப்பாறை பார்க்க விரும்புவோர் அந்த வாரங்களுக்காகவே காத்திருந்து வருகிறார்கள். நம் ஊர்ப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்குவதால், குழந்தைகளோடு போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது எதிர்பாராமல் அமைந்த வசதி. புயலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இந்த மூன்று தீவுகளும் வழக்கமான புயல் பாதைக்கு வெளியே இருக்கின்றன.

புறப்படுவதற்கு முன்பே ஒரு இடறல். இந்தியருக்கு அங்கே விசா தேவையில்லை. ஆனால் விமானம் ஏறுவதற்கு முன் இணையவழியில் பயண அனுமதி பெற வேண்டும். திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடங்களின் பதிவு, கடவுச்சீட்டின் படம் ஆகியவற்றைக் கொடுத்துக் கட்டணமும் செலுத்த வேண்டும். தேடுபொறியில் முதலில் வந்த தளத்தைத் திறந்து என் கணவர் மூவருக்கும் பணம் கட்டிவிட்டார். அது அரசுத் தளமல்ல. அரசுத் தளத்தில் விண்ணப்பித்துத் தருவதற்குத் தனிக் கட்டணம் வாங்கும் இடைத்தரகர் தளம். அனுமதி வந்துசேர்ந்தது, ஆனால் ஏறக்குறைய மும்மடங்கு செலவு. தளத்தின் முகவரி அந்நாட்டு அரசின் குடிவரவுப் பக்கத்திலிருந்து திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எல்லா இரவுகளுக்கும் தங்குமிடம் பதிவாகியிருக்க வேண்டும் என்பதால், “போய்ப் பார்த்து அறை எடுத்துக்கொள்வோம்” என்ற நம் வழக்கமான திட்டமும் அங்கே செல்லாது. கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவதற்கும் தடை உண்டு. அறையை முன்கூட்டியே எடுத்தாக வேண்டிய நாட்டில், எந்தக் கரையில் எடுப்பது என்ற கேள்வி இன்னும் முக்கியமாகிறது.

மும்பையிலிருந்து நேர் விமானத்தில் மாஹேக்கு நாலரை மணி நேரப் பயணம். நேர வேறுபாடு ஒன்றரை மணி. நமக்குப் பின்னால் இருக்கிறார்கள். மூன்று சதுர முனைகள் கொண்ட பிரிட்டிஷ் மின்செருகி அங்கே வழக்கம். மாற்றிச் செருகி எடுத்துப் போங்கள். ஆங்கிலம் எல்லா இடத்திலும் செல்லும். ஆயினும் கடைக்குள் நுழைந்ததும் ‘பொன்சூர்’ என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது அவர்கள் மரியாதை. அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுருங்குகிறது. முதல்நாள் எங்களிடம் சுருங்கிய முகங்கள் இரண்டாம் நாள் இந்த ஒரு சொல்லால் மலர்ந்தன.

தலைநகர் விக்டோரியாவை அரைநாளில் நடந்தே பார்த்துவிடலாம். நகரின் நடுவே 1903-இல் நிறுவப்பட்ட சிறிய வெள்ளி நிற மணிக்கூண்டு. அதிலிருந்து சில நிமிட நடையில் சந்தை. மீன் கடைகளின் கூரையிலும் மேடையிலும் வெண்கொக்குகள் வாடிக்கையாளர்களைப் போல வரிசையில் நிற்கின்றன. அவற்றுக்கு ‘மதாம் பதோன்’ என்று செல்லப்பெயர். சனிக்கிழமைக் காலை போனால் சந்தை களைகட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நகரமே பூட்டிக் கிடக்கும்.

குவின்சி தெருவில் திரும்பியதும் வண்ண வண்ணக் கோபுரம். அருள்மிகு நவசக்தி விநாயகர் கோயில். 1992-இல் குடமுழுக்கு நடந்தது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து நகர வீதிகளில் ஊர்வலம் போகிறார்கள். இந்தத் தீவுகளில் மனிதர் நிலையாகக் குடியேறியது 1770-இல்தான். அந்த ஆண்டு ஆகஸ்டில் சேன்ட் ஆன் என்ற சிறு தீவில் வந்திறங்கிய முதல் கூட்டத்தில் வெள்ளையரோடும் ஆப்பிரிக்க அடிமைகளோடும் ஐந்து ‘மலபார்’களும் இருந்தார்கள் என்று பதிவு இருக்கிறது. அக்காலப் பிரெஞ்சுக்காரர்கள் தென்னிந்தியரைப் பொதுவாக அப்படித்தான் அழைத்தார்கள். தமிழரும் அதில் அடக்கம். பிற்பாடு வணிகத்துக்காகவும் தமிழர்கள் வந்தார்கள். இன்று கடைப்பலகைகளில் ‘பிள்ளை’, ‘நாயுடு’, ‘செட்டி’ என்ற பெயர்கள் பிரெஞ்சு வாடையோடு நிற்கின்றன. அப்பெயரைத் தாங்கியவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. தேவாலயத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், “நீங்கள் தமிழரா?” என்று ஆர்வத்தோடு கேட்டுச் சங்கடப்படுத்தாமல் இருப்பது நல்லது. நான் ஒருமுறை கேட்டேன். அந்தப் பெண் புன்னகைத்து, “நான் செசெல்வா” என்று தன் நாட்டின் பெயரால் பதில் சொன்னார்.

கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி மளிகைக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “வாங்கம்மா, எந்த ஊரு?” என்றார். அத்தைக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு எங்கள் பயணத் திட்டத்தைக் கேட்டார். பிராலினில் கிராண்ட் அன்ஸ் கடற்கரையில் அறை என்றதும் அவருடைய கை நின்றது. “இந்த மாசத்துல அந்தப் பக்கமா ரூம் எடுத்தீங்க? காத்து நேரா அங்கதாம்மா அடிக்கும். கோட் டோர் பக்கம்ல எடுத்திருக்கணும்” என்றார். பிறகு ஒரு பொட்டலத் தாளின் பின்புறம் மூன்று தீவுகளையும் முட்டை முட்டையாக வரைந்து, தென்கிழக்கிலிருந்து ஒரு அம்புக்குறி போட்டார். அம்பு குத்தும் பக்கத்தில் எல்லாம் பெருக்கல் குறி. அதன் முதுகுப்புறத்தில் எல்லாம் வட்டம். ஆங்கிலத்திலும் தமிழிலுமாக நான் படித்திருந்த எல்லாப் பயணக் கட்டுரைகளையும்விட அந்தத் தாள்தான் மீதி ஏழு நாட்களுக்கு எங்களுக்கு வழிகாட்டியது. இந்தக் காற்றை அங்குள்ளவர்கள் ‘சுவெத்’ என்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். தென்கிழக்கு என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் தேய்ந்த வடிவம் அது.

மாஹேயில் எங்கள் தங்குமிடம் போ வாலோன் கடற்கரைக்கு அருகில் அமைந்தது தற்செயலான நல்வாய்ப்பு. வடமேற்கைப் பார்த்த வளைகுடா. மலை அதன் முதுகில் நின்று தென்கிழக்குக் காற்றை மறித்துவிடுகிறது. ஜூலையில் அங்கே கடல் குளம்போல் கிடந்தது. அதே நாளில் தீவின் தெற்கிலுள்ள அன்ஸ் இன்டெண்டான்ஸுக்குப் போனோம். அலை மணலை அறைந்து இழுத்த வேகத்தைப் பார்த்து, காலை நனைக்கக்கூடத் துணியவில்லை. பார்ப்பதற்கு இன்டெண்டான்ஸ் போ வாலோனைவிடப் பல மடங்கு அழகு. அந்தக் காற்றுக் காலத்தில் நீந்துவதற்கு ஒரு கரை, பார்ப்பதற்கு ஒரு கரை என்று பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கரையோரம் எங்கு பார்த்தாலும் பெரிய மரங்கள் கடலை நோக்கிச் சாய்ந்து நிழல் விரித்திருந்தன. ‘தக்காமக்கா’ என்றார்கள். இலையைக் கையில் எடுத்துப் பார்த்த அத்தை, “இது புன்னைதானே” என்றார். ஆம், அதே புன்னை. நெய்தல் நிலத்துப் பாட்டுகளில் தலைவி காத்து நிற்கும் மரம், இந்துமாக்கடலின் நடுவிலும் கரையில்தான் நிற்கிறது. அவருடைய மகிழ்ச்சி அதிலிருந்து தொடங்கியது. சந்தையில் முருங்கைக் கீரையை ‘பிரெத் முரூம்’ என்று விற்றார்கள். கறிவேப்பிலை ‘கரிபிலே’ ஆகியிருந்தது. கறி ‘கரி’ ஆகவும் சட்னி ‘சத்தினி’ ஆகவும் இருந்தன. ஒவ்வொன்றையும் அவர் உறவினரைக் கண்டதுபோல் விசாரித்தார்.

சாப்பாட்டு விஷயத்தில் உறவு பெயரோடு நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே உணவு என்றால் மீன். தேங்காய்ப்பாலில் வேகவைத்த ஆக்டோபஸ் கறி, சுட்ட மீன், சுறாப் புட்டைப் போன்ற சுறாச் சத்தினி என்று எனக்கும் கணவருக்கும் விருந்துதான். சுறாச் சத்தினியில் புளிச்சக்காயின் புளிப்பு சேர்ந்த சுவை நாகப்பட்டினத்துக்காரியான எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. சைவருக்கோ, ‘டேக் அவே’ என்ற பலகை தொங்கும் சிறு கடைகளில் சோறு, பருப்பு, ஏதேனும் ஒரு காய் கிடைக்கும். பருப்பில் மீனோ இறைச்சியோ சேர்த்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். ஈரப்பலாவை வறுத்துத் தருகிறார்கள். வாழைப்பழத்தையோ சர்க்கரைவள்ளியையோ தேங்காய்ப்பாலில் சாதிக்காய் சேர்த்துக் காய்ச்சிய ‘லதோப்’ என்ற இனிப்பு, அத்தைக்கு இரண்டு இரவுகள் உணவாகவே ஆனது. ஈரப்பலா சாப்பிட்டவர் மறுபடியும் இந்தத் தீவுக்கு வருவார் என்று அங்கே சொல்வழக்கு. எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது சமையலறையுள்ள தங்குமிடங்களை எடுத்ததுதான். அரிசியும் பருப்பும் விக்டோரியாவின் தமிழ்க் கடைகளில் கிடைக்கின்றன. பிராலினுக்கும் லா டீக்குக்கும் போகுமுன் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். தீவு சிறிதாகச் சிறிதாகக் கடைகளில் பொருள் குறைகிறது, விலை கூடுகிறது. ஏறக்குறைய எல்லாமே கப்பலில் வரும் நாடு அது. நாங்கள் போனபோது அவர்களுடைய ஒரு ரூபாய் நம்முடைய ஆறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ரூபாய் என்ற பெயரைப் பார்த்து மனம் மயங்கி, பெருக்க மறந்து, ஒரு பப்பாளிக்கு நான் கொடுத்த விலையை இங்கே எழுதப் போவதில்லை.

போக்குவரத்தில் பேருந்து அருமை. டாடா பேருந்துகள், எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், மலைப்பாதையில் ஓட்டுநர்கள் காட்டும் வேகம் நம் ஊர்த் தனியார் பேருந்தை நினைவூட்டும். இறங்க வேண்டிய இடம் நெருங்கும்போது “தெவாங்!” என்று உரக்கச் சொல்ல வேண்டும், ‘முன்னால்’ என்பது பொருள். கூச்சப்பட்டு மெதுவாகச் சொன்னதால் இரண்டு நிறுத்தங்கள் தாண்டி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தோம். மூன்றாம் முறை அத்தை குரல் கொடுத்தார், பேருந்து நின்றது. பெரிய பெட்டிகளோடு பேருந்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதை விமான நிலைய நிறுத்தத்தில்தான் தெரிந்துகொண்டோம். அங்கிருந்து வாடகைக் காருக்குக் கொடுத்தது எங்கள் ஒரு நாள் உணவுச் செலவு. மாலை ஏழு மணியளவில் பேருந்துகள் ஓய்ந்துவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகே என்பதால் ஆறரைக்கெல்லாம் விளக்கை அணைத்ததுபோல் இருட்டியும் விடுகிறது.

மாஹேயிலிருந்து பிராலினுக்கு விரைவுப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சிறு விமானமும் உண்டு; கால் மணி நேரப் பறப்புதான், ஆனால் கட்டணம் அதிகம், சுமை வரம்பு குறைவு. நாங்கள் படகை எடுத்தோம். காட்சி நன்றாகத் தெரியும் என்று மேல்தளத்தில், முன்பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். துறைமுகத்தின் சிறு தீவுகளைத் தாண்டியதும் தென்கிழக்கு அலை படகின் பக்கவாட்டில் மோதத் தொடங்கியது. படகு ஒவ்வொரு அலையிலும் ஏறி, ஒரு நொடி நின்று, விழுந்தது. பத்தாம் நிமிடத்தில் பணியாளர்கள் காகிதப் பைகளோடு வரிசையாக வந்தார்கள்; அவர்கள் நடந்து வந்த நிதானத்திலிருந்தே இது அன்றாட வேலை என்று தெரிந்தது. என் கணவர் இரண்டு பைகளைப் பயன்படுத்தினார். அத்தை கண்ணை மூடிக் கந்த சஷ்டி கவசத்தை இரண்டு முறை முடித்தார். திரும்பும்போது அந்தத் தவறைச் செய்யவில்லை: புறப்படுவதற்கு அரைமணி முன்பே குமட்டல் மாத்திரை, வெறும் வயிறாகவும் நிறைந்த வயிறாகவும் இல்லாமல் லேசான உணவு, கீழ்த்தளத்தில் பின்பக்க நடு இருக்கை, கண் தொடுவானத்தில். அதே அலையில் மூவரும் பையில்லாமல் வந்து சேர்ந்தோம்.

பிராலினில் கடற்பாசியைப் பற்றித் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். அது அழுகும்போது எழும் நாற்றத்தையும் மணல் ஈக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவரின் தாளை விரித்துப் பார்த்தோம். வட்டம் போட்ட பக்கம் கோட் டோரும், வடமேற்கு முனையில் அன்ஸ் லாசியோவும். பேருந்தில் அன்ஸ் புதேன் வரை போய், அங்கிருந்து ஒரு மேட்டை நடந்து கடந்தால் அன்ஸ் லாசியோ. நடை அரைமணிக்குள்தான் என்றாலும் ஏற்றம் செங்குத்து. அத்தைக்கு மட்டும் வாடகைக் கார் பிடித்தோம். மேட்டின் மறுபுறம் இறங்கியதும் காற்று சட்டென்று நின்றது, ஏதோ கதவைச் சாத்தியதுபோல. ஒரே தீவு, ஒரே காலை. நாங்கள் தங்கியிருந்த கரையில் பாசியும் நுரையும், இங்கே அடிமணல் தெரியும் பச்சை நீர்.

பிராலினுக்குப் போவதற்குக் காற்றோடு தொடர்பில்லாத காரணம் ஒன்று உண்டு: வாலே டி மே என்ற பள்ளத்தாக்கு. 1983 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களம். கடல் தேங்காய் என்று நம் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, அதன் தாய்மரம் உலகில் இயற்கையாக வளர்வது இந்தத் தீவிலும் பக்கத்திலுள்ள குரியூஸ் தீவிலும் மட்டும்தான். மரம் எங்கே இருக்கிறது என்று நூற்றாண்டுகளாக யாருக்கும் தெரியாது. வெற்று ஓடுகள் கடலில் மிதந்து மாலத்தீவிலும் இந்தியக் கரைகளிலும் ஒதுங்கின. கடலுக்கடியில் ஏதோ ஒரு மரத்தில் காய்ப்பதாக நம்பிக் கடல் தேங்காய் என்று பெயரிட்டார்கள். 1768-இல் பிரெஞ்சு ஆய்வுக் கப்பலில் வந்தவர்கள் இந்த மரங்களைக் கண்டார்கள். அதன்பின் ஒரு கப்பல் நிறையக் காய்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்து கொட்டியதும், மன்னர்கள் மட்டுமே வாங்கக்கூடியதாக இருந்த அதன் விலை சரிந்துபோனது.

தாவர உலகின் மிகப் பெரிய விதை அது. இருபது கிலோவைத் தாண்டும் காய்களும் உண்டு. காய் முதிர ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. விசிறி போன்ற ராட்சத மட்டைகள் மழைநீரைத் தாமே காம்பு வழியாக அடிமரத்துக்கு வடித்துக்கொள்கின்றன. உள்ளே நடக்கும்போது காய்ந்த மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் ஒலி, தகரக் கூரையில் மழை தொடங்குவதுபோல் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டே இருக்கும். நாங்கள் இரண்டு முறை குடையை விரித்துவிட்டோம், வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி ஒரு காலி ஓட்டைக் கையில் கொடுத்தார். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “திருவோடு” என்றார். திருவண்ணாமலையில் சாமியார்கள் கையில் பார்த்த அதே வளைவு, அதே கருப்பு. அந்த ஓடு எங்கிருந்து வந்தது என்று அவர் வாழ்நாளில் யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை. அன்று மாலைவரை அவர் அதிகம் பேசவில்லை.

அந்தக் காயை வாங்க விரும்புவோருக்கு: அரசு முத்திரைச் சீட்டு ஒட்டிய, ஏற்றுமதி அனுமதித் தாளோடு தரப்படும் காயை மட்டுமே வாங்குங்கள். படகுத்துறைக்கு அருகில் ஒருவர் பாதி விலைக்குத் தருவதாகத் துணி மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். தாள் எங்கே என்று கேட்டதும் மூட்டையைக் கட்டிவிட்டார். காய்த் திருட்டு அங்கே தண்டனைக்குரிய குற்றம். விமான நிலையத்தில் தாள் கேட்கிறார்கள். கடற்கரையில் சிப்பி, சங்கு, பவளத் துண்டு பொறுக்கிப் பையில் போடுவதும் கூடாது. இராமேஸ்வரத்துப் பழக்கத்தில் நான் எடுத்த இரண்டு சோழிகளைத் திரும்பப் போட்டேன்.

லா டீக் பிராலினிலிருந்து கால் மணிப் படகு. மோட்டார் வண்டிகள் மிகக் குறைவு. எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள். அத்தைக்காகச் சிறு மின்வண்டி ஒன்றை ஏற்பாடு செய்தோம். படங்களில் அதிகம் பார்த்த அன்ஸ் சூர்ஸ் தார்ஜான் இங்கேதான் இருக்கிறது. பழைய தென்னந்தோட்டம் ஒன்றின் வழியாக, நுழைவுக் கட்டணம் செலுத்திப் போக வேண்டும். பவளத்திட்டு அரணாக நிற்பதால் பெரிய அலை உள்ளே வருவதில்லை. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் நீர் வற்றிய நேரம். கணுக்கால் ஆழத்தில் பாறைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தோம். நீர் ஏறும் நேரத்தைத் தங்குமிடத்தில் கேட்டு வைத்துக்கொண்டால் அதே சீட்டில் இரண்டு மடங்கு பயன். மறுநாள் தீவின் மறுபக்கமான கிராண்ட் அன்ஸுக்குப் போனோம். பிராலினில் உள்ளதும் கிராண்ட் அன்ஸ், மாஹேயில் உள்ளதும் கிராண்ட் அன்ஸ். ‘பெரிய வளைகுடா’ என்றுதான் பொருள், வண்டிக்காரரிடம் சொல்லும்போது தீவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரியவர் தாளில் இந்தக் கரைக்கு இரட்டைப் பெருக்கல் குறி. மணல் சரிவு செங்குத்து, உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமானது, காவலர் யாரும் இல்லை, எச்சரிக்கைப் பலகை மட்டும் இருக்கிறது. இடுப்பளவு நீரில் இறங்கிய இளம் இணையரை அலை புரட்டிப் போட்டதையும், இருவரும் தட்டுத் தடுமாறிக் கரையேறியதையும் பார்த்தோம். அவர்கள் கையிலும் அழகான கடற்கரைகளின் பட்டியல் ஒன்று இருந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. நாடு திரும்பும் விமானம் மாஹேயிலிருந்துதான்; ஆகவே கடைசி இரவை மாஹேயில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தன்று காலைப் படகில் வந்துவிடலாம் என்று நாங்கள் முதலில் போட்டிருந்த திட்டத்தைப் பெரியவர்தான் மாற்றச் சொன்னார். நாங்கள் முந்தின நாள் மாலையே வந்துவிட்டோம். மறுநாள் காலை காற்று கூடியதால் அந்தப் படகு இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தது என்று விமான நிலையத்தில் வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார். அவருடைய குழுவில் நால்வர் இன்னும் வந்து சேரவில்லை.

புறப்படும் முன் அந்தக் கடைக்குப் போய் நன்றி சொல்ல நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தது.